மலையும் நாயும் ஒரே படத்தில்

எங்க ஊர் கோம்பைப் பக்கம். நாய்க்குப் பேர் போன ஊர். தோட்டத்துல நான் எடுத்துப் போடுற படங்கள்ல கடலைச் செடியைப் பத்தி ஒருத்தர் விசாரிச்சா, நாயைப் பத்திப் பத்துப் பேர் விசாரிக்கிறாங்க. "மலையோட சேர்த்து எப்படிண்ணே எடுக்குறீங்க?"ன்னு கேட்டவங்களுக்குத்தான் இது.

பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. வெயில் நம்ம முதுகுல விழணும். எங்க பள்ளத்தாக்குக்கு மேற்கே கேரள எல்லை மலை, கிழக்கே மேகமலை. காலையில மேற்கு மலை பளிச்சுன்னு இருக்கும். சாயங்காலம் அதே மலை கருப்பா நிக்கும்; அப்ப கிழக்கே திரும்பிக்கணும். கோம்பை நாய்க்கு உடம்பு செம்பழுப்பு, மூஞ்சி கருப்பு. உச்சி வெயில்ல எடுத்தா கண்ணே தெரியாது. நின்னுக்கிட்டு எடுத்தா முதுகும் மண்ணும்தான் வரும். வாய்க்காலுக்குள்ள இறங்கி உக்காந்து, வரப்பு மேல நாயை நிக்க வச்சா பின்னாடி மலை தானா வந்து நிக்கும். எங்க மணி பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டான். சருகுல ஒரு கல்லைப் போட்டா போதும், காட்டுப்பன்னின்னு நெனச்சு விறைச்சு நிப்பான். அந்த நொடியில அமுக்கிரணும்.

போன மாசம் மதுரையில இருந்து தெரிஞ்ச தம்பி ஒருத்தர் தன் நாயோட வந்தார். மேகமலைக்கு மேல, தேயிலைத் தோட்டத்துல வச்சுத்தான் எடுப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னார். நான் வேணாம்னுட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர், மேகமலைக் காடெல்லாம் 2021-லயே புலிகள் காப்பகமாயிருச்சு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் காட்டுல செந்நாய் இருக்கு. நம்ம நாய்க்கு வர்ற வெறிநோய், டிஸ்டெம்பர் எல்லாம் அதுக்கும் தொத்தும். கூட்டமா வாழுற சாதி அது. ஒண்ணுக்கு வந்தா கூட்டத்துக்கே பரவும். நம்ம நாய்க்கு ஊசி போட டாக்டர் இருக்கார், செந்நாய்க்கு யார் இருக்கா? இந்தப் பக்கம் சிறுத்தைக்கோ, நாய்னா இரை.

தம்பிக்கு முகம் சுண்டிப்போச்சு. "அப்ப படம்?"னார்.

மறுநாள் விடிஞ்சதும் எங்க கடலைக் காட்டுல வச்சே எடுத்தோம். மலை முழுசா வந்துச்சு. மேல ஏறிட்டா அது ஏது? காலுக்குக் கீழ கிடக்குற மலை படத்துல வருமா?

நாயோட வர்றவங்க அடிவாரத்தோட நின்னுக்குங்க. தடுப்பூசி போட்டுக் கூட்டிட்டு வாங்க, கயித்தை விட்றாதீங்க. வாய்க்கால்ல உக்காந்தா உடுப்பு நனையும். மாத்துத்துணி ஒண்ணு கொண்டாந்துருங்க.