சரிபார்த்தேன் என்ற கையெழுத்து

2015ஆம் ஆண்டு சவூதி அரேபியாவில் ரமழான் நோன்பு ஜூன் 18 அன்று தொடங்கியது. கோடையின் உச்சம். ஏறத்தாழ பதினைந்து மணி நேர நோன்பு. ரியாத்துக்குத் தென்கிழக்கே, அல்கர்ஜ் பகுதியிலுள்ள ஒரு பண்ணையில் நான் அப்போது மெக்கானிக்காக வேலை செய்துகொண்டிருந்தேன். பாலைவனத்தின் நடுவே வட்ட வட்டமாகக் குதிரைமசால் விளையும் நிலங்கள் அவை. மையத்தில் ஒரு தூண். அதைச் சுற்றி நகர்ந்துகொண்டே நீர் தெளிக்கும் நீண்ட குழாய். அந்தத் தீவனத்தை அறுக்கவும் கட்டவும் பெரிய டிராக்டர்கள் இருந்தன.

டிராக்டரில் ஏ.சி. என்றால் நம் ஊரில் பலர் சிரிப்பார்கள். அதை ஆடம்பரம் என்று எண்ணுவார்கள். ஆனால் அந்த டிராக்டர்களின் கேபின் நான்கு புறமும் கண்ணாடியால் ஆனது. வெளியே 45 பாகை வெயில் அடிக்கும்போது, மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் வெப்பம் அதைவிட மிகுதியாகும். கதவைத் திறந்து ஓட்டினால் தூசியும் தீவனத் தும்பும் மூக்கையும் கண்ணையும் அடைக்கும். அங்கே ஏ.சி. என்பது ஓட்டுநரின் உயிர்க்காப்பு.

எங்கள் பண்ணையில் இலங்கையின் சம்மாந்துறையைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர் இருந்தார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். ஊரில் வயல் உழுத அனுபவம் அவரை அங்கே கொண்டுவந்திருந்தது. நான் அதிராம்பட்டினத்துக்காரன். எங்கள் ஊரிலும் மூத்தவரைக் காக்கா என்றே அழைப்போம் என்பதால், முதல் நாளிலிருந்தே அவர் எனக்குக் காக்கா, நான் அவருக்குத் தம்பி.

ரமழானின் முதல் வாரத்தில் ஒரு மாலை, அவர் டிராக்டரைப் பணிமனையில் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தம்பி, காத்து வருகுது. ஆனால் அது அடுப்புக் காத்து."

இஃப்தாருக்கு ஒரு மணி நேரமே இருந்தது. நான் கேஜை மாட்டி அழுத்தத்தைப் பார்த்தேன். தாழ்வழுத்தப் பக்கம் ஏறக்குறைய 35, உயரழுத்தப் பக்கம் 240. அந்த வெப்பத்துக்கு அது சரியான அளவுதான். அங்கேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். அழுத்தம் சரியாக இருக்கிறதென்றால் கம்ப்ரெஸ்ஸர் வேலை செய்கிறது, கேஸும் போதுமான அளவு இருக்கிறது. அப்படியானால் சூடு வேறெங்கிருந்தோ வருகிறது. ஆனால் பசியும் அவசரமும் சேர்ந்தால் கை பழகிய வழியிலேயே போகும். "கேஸ் கொஞ்சம் குறைவு போல" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சிறிது கேஸ் ஏற்றினேன். துவாரத்தின் முன் கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்தது. வேலைச்சீட்டில் "சரிபார்த்தேன், நன்றாக வேலை செய்கிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு நோன்பு திறக்கப் போனேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் காக்கா மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் அழைத்து, கேபின் மீண்டும் கொதிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். மேற்பார்வையாளர் என் வேலைச்சீட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார். "நேற்றுத்தானே சரி செய்தார்கள்? நோன்பு வைத்துக்கொண்டு வேலைக்குச் சாக்குச் சொல்லாதே" என்று பதில் வந்திருக்கிறது. காக்கா அதற்குமேல் எதுவும் பேசவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினார்.

பதினொன்றரை மணிக்கு டிராக்டர் வட்டத்தின் நடுவில் நின்றுவிட்டதைப் பார்த்து, பக்கத்து நிலத்தில் இருந்த எகிப்தியர் ஓடிப்போனார். காக்கா ஸ்டியரிங் மீது தலை சாய்த்துக் கிடந்தார். பேச்சு குழறியது. நிழலுக்குக் கொண்டுபோய், உடலை நனைத்து, விசிறி, தண்ணீர் கொடுத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அன்றைய நோன்பு முறிந்தது. பதினைந்து வயதிலிருந்து தாம் விட்ட முதல் ரமழான் நோன்பு அது என்று பின்னர் அவர் சொன்னார்.

நான் அவரைப் பார்க்கப் போகுமுன் டிராக்டரிடம் போனேன். முகத்தில் விழிக்கத் துணிவில்லை என்பதே உண்மை. இந்த முறை ஒழுங்காக, வெயிலிலேயே, என்ஜின் முழுச்சூட்டில் இருக்கும்போதே பார்த்தேன்.

முதலில் ரேடியேட்டருக்கு முன்னிருக்கும் கண்டென்ஸர். அதன் தகடுகளுக்கிடையே தும்பு அடைத்தால் கேஸ் தன் வெப்பத்தை வெளியே விட முடியாது. உட்புறமிருந்து வெளிப்புறமாகக் காற்றடித்துச் சுத்தம் செய்தேன். அடைப்பு அதிகமில்லை. அடுத்துக் கேபினின் காற்று வடிகட்டி. அது அடைத்திருந்தால் காற்றே குறைந்துவிடும். இங்கே காற்று வேகமாகவே வந்தது. கம்ப்ரெஸ்ஸரின் பெல்ட் இறுக்கமாக இருந்தது. காந்தக் கிளட்ச் மட்டும் விட்டு விட்டுப் பிடித்தது. கேஜில் உயரழுத்தம் 350ஐத் தாண்டி ஏறி இறங்கியது. நான் ஏற்றிய கூடுதல் கேஸ்தான் காரணம். அழுத்தம் எல்லை மீறும்போதெல்லாம் காப்பு சுவிட்ச் கம்ப்ரெஸ்ஸரை நிறுத்திக்கொண்டிருந்தது. ஆக, நான் பழுதைத் தீர்க்காததோடு, புதிய பழுது ஒன்றையும் சேர்த்திருந்தேன்.

அப்படியானால் முதல் பழுது எது? இருக்கைக்குப் பின்னால் கையை விட்டபோது ஒரு ரப்பர் குழாய் சுட்டது. அது ஹீட்டர் குழாய். குளிர்நாடுகளிலும் ஓட வேண்டிய இந்த டிராக்டர்களில், என்ஜினின் சுடுநீரைக் கேபினுக்குள் கொண்டுவந்து காற்றைச் சூடாக்கும் அமைப்பும் உண்டு. பாலைவனத்தில் யார் அதை நினைக்கிறார்கள்? கேபினில் உள்ள திருகு குளிர்ப் பக்கமே இருந்தது. ஆனால் திருகையும் ஹீட்டர் வால்வையும் இணைக்கும் கம்பியின் கிளிப் உடைந்து, வால்வு பாதி திறந்தபடி நின்றுவிட்டது. ஏ.சி. குளிர்வித்த காற்றை, 90 பாகைச் சுடுநீர் உடனுக்குடன் சூடாக்கிக்கொண்டிருந்தது.

முந்தைய மாலை ஏன் குளிர்ந்தது என்பதும் புரிந்தது. காக்கா வந்து நிறுத்திய பின் டிராக்டர் நிழலில் வெகுநேரம் ஆறியிருந்தது. நீர் இன்னும் சூடேறவில்லை. நான் சோதித்தது பழுது ஒளிந்திருந்த நேரத்தில்.

குழாயை ஒரு பிளையரால் நசுக்கிப் பிடித்தேன். பத்து நிமிடத்தில் துவாரத்திலிருந்து நல்ல குளிர் வந்தது. கிளிப்பை மாற்றினேன். பிறகு கேஸ் முழுவதையும் எடுத்து, வெற்றிடமாக்கி, லேபிளில் உள்ள எடைப்படி மீண்டும் ஏற்றினேன். பழுதின் விலை ஒரு சிறு கிளிப்.

அன்று அஸர் தொழுகைக்குப் பின் மேற்பார்வையாளரிடம் போய், நேற்றைய சீட்டில் நான் எழுதியது தவறு, ஓட்டுநர் சொன்னதே உண்மை என்று சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். அவர் கோபப்பட்டார். இரண்டு நாள் சம்பளம் பிடிக்கப்பட்டது. பிறகுதான் காக்காவின் அறைக்குப் போனேன்.

"பொறுத்துக்கொள்ளுங்க காக்கா" என்றேன்.

"நோன்பைக் களாச் செய்துக்கலாம் தம்பி" என்றார். சிறிது நேரம் கழித்துச் சொன்னார்: "வெயில் பெரிய விஷயமில்லை. நான் பொய் சொல்றேன்னு நினைச்சாங்களே, அதுதான் தாங்கல்ல."

அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் என் கையெழுத்து என்ன செய்தது என்பதை நான் விளங்கிக்கொண்டேன். கவனமில்லாமல் செய்த வேலையால் ஒரு இயந்திரம் கெடும் என்று மட்டும் நினைத்திருந்தேன். "சரிபார்த்தேன்" என்று பாராமல் எழுதினால், அடுத்து உண்மையைச் சொல்பவன் பொய்யனாகிவிடுகிறான். அமானிதம் என்று சிறுவயதில் வாப்பா சொல்லும்போது, பிறர் நம்மிடம் தந்து வைக்கும் பணமும் நகையுமே என் நினைவுக்கு வரும். ஒரு மனிதனின் சொல்லுக்கான மதிப்பும் நம் கையில் அமானிதமாகத் தரப்படுகிறது என்பதை அன்று அறிந்தேன்.

காக்கா பெருநாள் கழிந்த வாரத்தில் அந்த நோன்பைக் களாச் செய்தார். அன்று அவரோடு நானும் நோன்பு வைத்தேன். இருவரும் ஒரே தட்டில் பேரீச்சம்பழம் எடுத்து நோன்பு திறந்தோம்.

இப்போது நான் ஊரில் இருக்கிறேன். தஞ்சை வயல்களுக்கும் ஏ.சி. கேபின் வைத்த அறுவடை இயந்திரங்கள் வரத் தொடங்கிவிட்டன. ஓட்டும் இளைஞர்கள் வந்து, "பாய், கூலிங் இல்லை, கேஸ் போடுங்க" என்கிறார்கள். நான் கேஸ் சிலிண்டரைத் தொடுவதில்லை. எந்த நேரத்தில் குளிர் குறைகிறது, காற்று குறைகிறதா, குளிர் மட்டும் குறைகிறதா என்று முதலில் கேட்கிறேன். பிறகு இயந்திரத்தை வெயிலில் நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு, என்ஜின் சூடேறும்வரை அவர்களோடு அரை மணி நேரம் உள்ளே உட்காருகிறேன். அதன் பிறகே சீட்டில் கையெழுத்து.