பறுவத்துக் கூட்டம்

எங்கள் வாசிகசாலைக் கூட்டம் எப்போதும் பறுவத்தன்றுதான் நடக்கும். அன்றைக்கு லீவு, உத்தியோகக்காரர் வந்து பேச ஆறுதலான நாள் என்று ஐயா காரணம் சொல்லுவார். அது சபைக்குச் சொல்லுகிற காரணம். உண்மையான காரணம் நிலவுதான். உருத்திரபுரத்து வாய்க்கால் வரம்புகளில் இருட்டுக்குள் நடந்தால் எந்த இடத்தில் புடையன் சுருண்டு கிடக்கும் என்று சொல்லேலாது. பறுவம் என்றால் அரிவு வெட்டிய வயலில் வைக்கோல் துரும்பு வரைக்கும் தெரியும். லாம்பு எண்ணெயும் மிச்சம்.

பலகையில் 'சனசமூக நிலையம்' என்று வடிவாக எழுதியிருந்தாலும் ஊருக்கு அது வாசிகசாலைதான். அரைச்சுவர், கிடுகுக் கூரை, இரண்டு நீட்டு வாங்கு, ஒரு மேசை, மேசையில் மத்தியானத்துக்குப் பிறகு பஸ்ஸில் வந்து சேரும் வீரகேசரியும் ஈழநாடும். அந்தக் கொட்டில் எழும்புவதற்கு முன் கூட்டம் மாதத்துக்கொரு வீட்டு முற்றத்தில் நடந்ததாம். சிக்காகோவில் 1905இல் போல் ஹரிஸ் தொடங்கிய ரோட்டரிக் கழகமும் ஆரம்பத்தில் இப்படித்தான் அங்கத்தவரின் கந்தோர்களில் மாறிமாறிக் கூடியது என்று பின்னொரு நாள் எங்கேயோ வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் சிநேகிதத்துக்காக முறைவைத்தார்கள், நாங்கள் கிடுகு வாங்கக் காசில்லாமல் முறைவைத்தோம். ஆனால் பலன் ஒன்றுதான். இரணைமடுத் தண்ணீரை நம்பி வந்து குடியேறிய தீவுப்பகுதியார், வடமராட்சியார், வலிகாமத்தார், அவர்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து சேர்ந்தவர்கள் என்று ஒருவர் வீட்டு அடுப்படியை மற்றவர் அறியாத ஊர் அது. ஒரு முற்றத்தில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்த பிறகுதான் ஆளை ஆள் முறைசொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்களாம்.

ஐயா காரியதரிசி. கூட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னமே அவருக்கு ஒரு கம்பீரம் வந்துவிடும். கொப்பி ஒற்றையில் 'எதிர்வரும் பூரணை தினத்தன்று பிற்பகல் ஐந்து மணிக்கு' என்று நீலமையால் எழுதி, அடியில் கோடு இழுத்து, காயும்வரை ஊதுவார். அதைச் சங்கக்கடைச் சுவரில் ஒட்டுவது என் வேலை. பசைக்குச் சோற்றுப் பருக்கை. ஒட்டிவிட்டு ஆராவது வாசிக்கிறார்களா என்று பாக்கு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து நிற்பேன்.

கூட்டத்தன்று காலையில் நிலத்துக்குச் சாணம் மெழுகுவார்கள். அந்த ஈரமணம் மாறுவதற்குள் பெற்றோமாக்ஸ் வந்துவிடும். மண்ணெண்ணெய் மணம், ஸ்பிரிட் மணம், புதுச் சாணத்து மணம், அம்மாவின் வடைச் சட்டியிலிருந்து வேலி தாண்டி வரும் கறிவேப்பிலை மணம் எல்லாம் ஒன்றாகி மூக்குக்குள் ஏறும். இன்றைக்கும் ஆராவது 'கூட்டம்' என்றால் எனக்கு முதலில் அதுதான் மணக்கும். பெற்றோமாக்ஸுக்குப் பம்ப் அடிக்கிற உரிமை சங்கக்கடை மனேச்சருக்கு மட்டும். எரிந்த மான்டில் தொட்டால் தூளாகிப்போகும் என்பதால் எங்களை ஒரு பாகத்துக்கு அங்கால் நிற்கவைத்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு அடிப்பார். முதலில் நீலமாக ஒரு தடுமாற்றம், பிறகு 'புஸ்' என்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு எல்லாருடைய முகமும் வெள்ளை.

கூட்டம் தேவாரத்தோடு தொடங்கும். தேவாரம் பாடுவது நான். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அதையும் எட்டாத சுருதியில் எடுத்துவிட்டுக் கடைசி அடியில் கீச்சிடுவேன். வெளியூரிலிருந்து வருகிற பேச்சாளர்கள் இதைக் கேட்கத்தான் வருகிறார்கள் என்பது அப்போது என் உறுதியான நம்பிக்கை. பாடி முடித்ததும் அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். பெரும்பாலும் அவர்கள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதற்கும் காரணம் இருந்தது. எங்கள் ஊர் இருக்கும் கிளிநொச்சி அந்த நாளில் யாழ்ப்பாண மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது, தனி மாவட்டமானது 1984இல்தான். பேச வருகிறவர் அநேகமாக ஆனையிறவு தாண்டி வரவேண்டும், திரும்பிப் போகக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். எங்கள் ஊரில் எத்தனையோ நல்ல பேச்சுகளை முடித்துவைத்தது கடைசி பஸ்.

மலேரியா இயக்கத்து உத்தியோகத்தர் வந்த பறுவம் நல்ல ஞாபகம். டி.டி.ற்றி அடித்த வெள்ளைத் திட்டு எங்கள் எல்லார் வீட்டுச் சுவரிலும் உண்டு. மருந்தடித்த திகதி எழுதிய காட் கதவுக்குப் பின்னால் தொங்கும். அவர் எழும்பி, 1963ஆம் ஆண்டு இலங்கை முழுவதிலும் 17 பேருக்குத்தான் மலேரியா கண்டது என்றார். சபையில் ஒரு சத்தமும் இல்லை. அந்த வாங்குகளில் இருந்தவர்களிலேயே 17 பேருக்கு மேல் போன வருஷம் பாயில் கிடந்து நடுங்கியவர்கள். ஒழிந்தது என்று நினைத்து மருந்தடிப்பைக் கைவிட்டதும் 1968, 69இல் அது அஞ்சு லட்சத்துக்கு மேல் ஆட்களைப் பிடித்துக்கொண்டதையும் அவரே சொன்னார். ஆறு ஓடும்போது பயமில்லை, வற்றி மணற்குழிகளில் தண்ணி தேங்கி நிற்கும்போதுதான் இந்த நுளம்பு முட்டையிடும் என்று கையால் குழி காட்டினார். பின்வரிசையிலிருந்த சுருட்டு அப்பு, "அப்ப தம்பி, கனகராயன் ஆத்தை நாங்கள் என்ன செய்யிறது?" என்று கேட்டார். பதில் வருவதற்குள் பஸ் ஹோன் கேட்டது.

விவசாயப் போதனாசிரியர் வரும்போது பை நிறைய நெல் கொண்டுவருவார். பத்தலகொட நிலையத்தில் உருவாக்கிய பி.ஜி. 34-8 அப்போது புதிது. மூன்றரை மாதத்துக்குள் வெட்டலாம், யூரியாவைத் தாங்கும் என்று விளக்கி, மேசையில் ஒரு பிடியைக் கொட்டுவார். சனம் எச்-4ஐயே அரைமனத்தோடு ஏற்றிருந்த காலம். வயதானவர்கள் ஒவ்வொருவராக வந்து இரண்டு நெல்லை எடுத்து, பல்லுக்கிடையில் வைத்து உமி நீக்கி, அரிசியை உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார்கள். விளைச்சல் எத்தனை புசல் என்று ஒருவரும் முதலில் கேட்கமாட்டார்கள். "பழஞ்சோத்துக்கு உதவுமோ?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு அவரிடம் புள்ளிவிபரம் இல்லை. மொட்டைக்கறுப்பனைக் கைவிட மனமில்லாதவர்கள் அதோடு எழும்பிவிடுவார்கள். அவர்கள் கேட்டது சரியான கேள்விதான் என்று இப்போது நினைக்கிறேன்.

பேச்சு முடிந்ததும் தேத்தண்ணி. சீனிக்குத் தட்டுப்பாடு, ஆகவே பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ. பேச்சாளருக்குக் கண்ணாடிக் கிளாஸ், நிர்வாக சபைக்கு மூக்குப்பேணி, வாங்கின் அந்தலையிலும் நிலத்திலும் இருந்தவர்களுக்குத் தகரப்பேணி. தட்டம் தூக்கிக்கொண்டு போகும் எனக்கு எந்தப் பேணி எந்தக் கைக்கு என்று ஒருவரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. அதை நினைக்கத்தான் இப்போது கூசுகிறது. முறைசொல்லிக் கூப்பிட்ட ஊர்தான், ஆனாலும் பேணி மாறவில்லை.

ஒருமுறை கூட்டுறவைப் பற்றிப் பேசவந்த ஒருவர் பஸ்ஸை விட்டுவிட்டு எங்கள் வீட்டில் தங்கினார். சபையில் அவர் பேசியது ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. அன்றிரவு முற்றத்துச் சாக்குக்கட்டிலில் சாரத்தோடு இருந்து, புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்ட கையோடு, தான் சின்ன வயதில் ஆட்டுக்குட்டிக்காகப் பள்ளிக்கூடம் போகாத கதையைச் சொன்னார். அக்கம்பக்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து குந்தினார்கள். நிலவு உச்சிக்கு வரும்வரை கதை. விடிய வெள்ளென எழும்பிப் பார்த்தால் நிர்வாக சபை முழுக்கக் கிணற்றடியில், துலாவில் ஒருவர் தண்ணி இறைக்க, அவர் குளித்துக்கொண்டே சங்கக் கணக்கு எழுதுகிற விதத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மனேச்சர் அதைச் சிகரெட் பெட்டியின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு நிற்கிறார். எங்கள் சங்கத்துக் கணக்கு ஒழுங்கானது மேடைப்பேச்சால் அல்ல, அந்தக் கிணற்றடியால்தான்.

நான் பெரியபிள்ளையானதும் தேவாரம் தம்பியிடம் போனது. நான் அம்மாவோடும் மாமிமாரோடும் அரைச்சுவருக்கு வெளியே, வெளிச்சம் எட்டாத பக்கம் நின்று கேட்கவேண்டியதாயிற்று. முதல் மாதம் அழுதேன். அடுத்த மாதமே, நல்ல கூட்டம் இந்தப் பக்கம்தான் நடக்கிறது என்று கண்டுகொண்டேன். உள்ளே பேச்சாளர் ஒரு வசனம் சொன்னால் வெளியே அதற்கு உடனே மறுமொழி. வளவுக்குள் தண்ணி தேங்க விடாதேயுங்கோ என்றால், "வாய்க்கால் தண்ணியை ஆர் தலையிலை கொண்டுபோய் ஊத்திறது?" சிக்கனம் என்றால், "தேத்தண்ணிக்குப் பனங்கட்டி ஆர் வீட்டுது எண்டு கேளுங்கோ." வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். ஆனால் பிள்ளைக்கு எந்த மாதத்தில் ஊசி போடுவது, குளோரோகுயின் குளிசையை வெறுவயிற்றில் கொடுக்கலாமோ என்பதெல்லாம் இங்கேதான் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும். மருத்துவமாது பேசவந்த நாளில் மட்டும் ஆண்கள் மெல்ல வெளியே போய்ச் சுருட்டுப் பற்றவைக்க, நாங்கள் வாங்கில் ஏறி இருந்தோம். எனக்குத் தெரிய அதுதான் அந்தக் கொட்டில் நிரம்பிய ஒரே கூட்டம்.

இதெல்லாம் ஐயாவின் அறிக்கைக் கொப்பியில் இராது. 'இன்னார் சிறப்புரை ஆற்றினார். நன்றியுரையுடன் கூட்டம் இனிது நிறைவுற்றது' என்று எல்லா மாதத்துக்கும் அதே இரண்டு வரி. 1996இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது கொப்பிகளை ஒரு தகரப்பெட்டியில் போட்டு ஐயா சைக்கிள் கரியரில் கட்டினார். அடுத்தடுத்த இடப்பெயர்வுகளில் பெட்டி எங்கேயோ நின்றுவிட்டது. அந்த இரண்டு வரிகளாவது இருந்திருந்தால், எந்த வருஷம் ஆர் வந்தார், எந்த வீட்டார் வழிமொழிந்தார் என்றாவது எடுக்கலாம்.

வன்னியில் வாசிகசாலை இல்லாத ஊர் குறைவு. இதை வாசிக்கிற உங்களில் ஆருடைய வீட்டுப் பரணிலாவது அப்படியொரு அறிக்கைக் கொப்பி, ஆண்டுவிழா மலர், வரவு இடாப்பு கிடந்தால் எறிந்துவிடாதேயுங்கோ. 2005இலிருந்து நூலகம் வலைத்தளத்தில் ஈழத்து எழுத்துகளைச் சேர்த்துவருகிறார்கள். அவர்களுக்கு அறிவித்தால் ஒளிவருடிச் சேமிக்க வழி பிறக்கும். கொடுப்பதற்கு முன்னம் உங்கள் வீட்டு வயதானவர்களிடம் ஒரு பின்னேரம் இருந்து, அந்த வரிகளுக்கிடையில் நடந்தது என்ன என்று கேட்டு எழுதி, அந்தக் கடதாசியையும் கொப்பிக்குள் வைத்துக் கொடுங்கோ.