வெயிலுக்கும் வீழ்ச்சிக்கும் இடையே

பொழுது புலர்வதற்கு முன்பே ஈப்போ ராஜா டிஹிலிர் சாலைப் பந்தயத் திடலில் குளம்பொலி கேட்கத் தொடங்கிவிடும். சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் பனிமூட்டம் கலையாத அந்த வேளையில் குதிரைகள் பயிற்சிக்குப் புறப்படும். 1886ஆம் ஆண்டில் தோன்றியது பேராக் குதிரைப் பந்தயக் கழகம். பந்தயத்தில் பணத்தை இழந்து வறுமையுற்ற குடும்பங்களின் கதை வேறு. அது தனிக் கட்டுரைக்கு உரியது. பயிற்சி ஏன் அந்த வைகறையில் நடைபெறுகிறது என்பதே இங்கு எண்ணத்தக்கது. காலை பத்து மணிக்கு மேல் கிந்தா சமவெளியின் வெப்பத்தை மனிதனும் தாங்குவதில்லை, குதிரையும் தாங்குவதில்லை.

மனிதனைப் போலவே குதிரையும் வியர்வை சிந்தித் தன் உடலைக் குளிர்விக்கும் விலங்கு. விலங்குகளுள் இவ்வாறு பெருமளவில் வியர்ப்பவை சிலவே. ஓடிய குதிரையின் கழுத்தில் சவர்க்கார நுரைபோல் வெண்ணுரை படிந்திருப்பதைப் பலர் கண்டிருப்பர். அதன் வியர்வையிலுள்ள லாத்தரின் என்னும் புரதமே அந்த நுரைக்குக் காரணம். வியர்வை தோலில் பரவி, காற்றில் ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. ஈப்போவின் நண்பகல் வெப்பம் 32, 33 பாகை செல்சியசு. பாலைவன நாடுகளோடு ஒப்பிட்டால் அது பெரிதன்று. ஆயினும் இங்குக் காற்றே ஈரம் நிறைந்தது. வியர்வை ஆவியாக இடமின்றி வழிந்து வீணாகிறது. வெப்பமானி காட்டும் எண்ணைவிட உடல் படும் துன்பம் மிகுதியாவது இதனால்தான்.

இத்தகைய நாட்டில் குதிரையேறப் புகும் இளைஞனுக்கோ மாணவிக்கோ முதலில் எழும் எண்ணம், உடையைக் குறைத்துக்கொள்வோம் என்பதே. அரைக்கால் சட்டை, கையில்லாச் சட்டை, காலில் செருப்பு. புழுக்கத்தில் தலைக்கவசம் எதற்கு? மெதுவாக நடக்கும் குதிரைதானே! இப்படி எண்ணுவது இயல்பு. ஆனால், குதிரைமேல் அமர்ந்தவனுக்குப் பகைவர் இருவர். ஒருவர் வெயில், மற்றவர் வீழ்ச்சி. ஒருவரிடமிருந்து தப்புவதற்காக மற்றவரிடம் அடைக்கலம் புகுவது அறிவுடைமை ஆகாது. குறைக்க வேண்டியது உடையின் கனத்தையே. உடல்மேல் உள்ள காப்பைக் குறைத்தலாகாது.

உடைக்கும் புரவிக்கும் உள்ள தொடர்பு தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டில், பாசறையைக் காக்கும் யவனர் இறுக உடுத்த உடைமேல் மத்திகையைச் சுற்றியிருக்கின்றனர். மத்திகையாவது குதிரைச் சவுக்கு. அவர்கள் அணிந்த சட்டைக்கு மெய்ப்பை என்று பெயர். மெய்யைப் பையில் இட்டதுபோன்ற தைத்த உடை அக்காலத் தமிழர் கண்ணுக்கு வியப்பாக இருந்திருக்க வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோவும் இதே வியப்பை மறுபுறமிருந்து எழுதியிருக்கிறார். அங்குத் தையற்காரரே இல்லை, மக்கள் உடல்மேல் தைத்த ஆடை அணிவதில்லை என்கிறார் அவர். அரபு நாட்டுத் துறைகளிலிருந்து கப்பல் கப்பலாக வந்திறங்கிய குதிரைகள் பேணும் முறை அறியாமையால் ஆண்டுதோறும் மடிந்தன என்பதும் அவர் குறிப்பே. வெப்ப நாட்டுக்கு வெளியிலிருந்து வந்த விலங்கையும் அதற்கேற்ற உடையையும் தமிழ்நிலம் மெல்ல மெல்லவே கற்றுக்கொண்டது.

பேராக்கில் அந்தப் பாடம் வேறு வழியில் வந்தது. 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ஹியூ லோ ரப்பர்க் கன்றுகளை நட்ட காலத்தில் நல்ல சாலைகள் அரிது. அதிகாரிகளும் தோட்டக்காரர்களும் குதிரைமேலும் யானைமேலும் பயணம் செய்தனர். அப்பொழுது வெள்ளைக்காரத் துரையின் தலையில் இருந்தது சோலா தொப்பி. அது நெட்டியால் செய்யப்பட்டது. தஞ்சாவூரில் கோயில் உருவங்களும் மாலைகளும் செய்யப் பயன்படும் அதே நெட்டிதான். பஞ்சைப்போல் கனமற்றது, உள்ளே காற்றறைகள் நிறைந்தது, வெப்பத்தைத் தடுப்பது. வெப்ப மண்டலக் கதிரொளி மண்டையைத் துளைத்து மூளையைக் கலக்கிவிடும் என்று அக்காலத்தவர் உறுதியாக நம்பினர். முதுகுத்தண்டுக்கும் ஆபத்து என்று எண்ணிப் படைவீரர் சட்டையின் பின்புறத்தில் தனிப் பட்டை வைத்துத் தைத்ததும் உண்டு! கொளுத்தும் வெயிலில் முதுகின்மேல் இன்னொரு கனத்த துணி. அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்பது பின்னர்த் தெளிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோலா தொப்பி வழக்கொழிந்தது. அது வெயிலை நன்றாகவே தடுத்தது. ஆனால், குதிரையிலிருந்து விழுந்த தலையைக் காக்க அதனால் இயலவில்லை. வெயில் என்ற ஒரு பகைவனை மட்டும் கண்டு உடுத்திய உடை அது.

அதே தோட்டத்தில், அதே வெப்பத்தில், உடை என்றால் என்ன என்பதைத் துரையைவிட நன்கு அறிந்தவர்கள் வேறு சிலர் இருந்தனர். இருள் பிரியாத வேளையில் பால்மரம் வெட்டச் சென்ற தாய்மார்களே அவர்கள். முழுக்கைச் சட்டை, கணுக்கால்வரை கைலி, தலையில் இறுகக் கட்டிய துணி, இடுப்பில் புகையும் கொசுவத்தி. புழுக்கம் என்று எந்தத் தாயும் சட்டையின் கையை வெட்டிக்கொள்ளவில்லை. கொசு, முள், தெறிக்கும் பால் ஆகியவற்றுக்கு எதிராக உடல் முழுவதையும் மூடிய அந்த உடை மெல்லியது. பலமுறை துவைத்துத் துவைத்து மென்மையானது. காற்றுப் போக இடமுள்ளது. தொங்கி மரத்தில் மாட்டிக்கொள்ளாதது. இன்று அந்தத் தோட்டங்களுள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆனால், அந்த உடையின் இலக்கணம் இன்று குதிரையேற்றம் கற்பிப்போர் கூறும் இலக்கணத்தோடு பெரிதும் ஒத்திருக்கிறது.

சட்டையிலிருந்தே காண்போம். வெளிர் நிறமுடைய, உடலோடு ஒட்டியும் ஒட்டாமலும் அமையும் முழுக்கைச் சட்டை வேண்டும். பருத்தி தோலுக்கு இதமானது. எனினும் ஈரக்காற்றில் வியர்வையை உறிஞ்சிக்கொண்டு உலராமல் கனத்துக் கிடக்கும். சிறிது நேரமே ஏறுவோருக்கு மெல்லிய பருத்தி போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பயில்வோருக்கு வியர்வையை வெளிப்புறத்துக்குக் கடத்தி விரைவில் உலரும் விளையாட்டுத் துணி நன்று. துப்பட்டாவும், கழுத்தில் தொங்கும் துண்டும், பொத்தானிடாத மேற்சட்டையும் கூடா. குதிரை இரைவிலங்கின் இயல்புடையது. தன்னைச் சுற்றிலும் ஏறக்குறைய முழு வட்டத்தையும் பார்க்கும் கண்ணுடையது. அதன் விலாப்புறத்தில் படபடக்கும் துணி அதற்குப் பாயவரும் புலியாகத் தோன்றினால் வியப்பில்லை. ஈப்போவின் பிற்பகல் மழைக்கு அஞ்சிக் கொண்டுவரும் நெகிழி மழையாடையும் அத்தகையதே.

காற்சட்டையின் வரலாறு சுவையானது. குதிரையேறுவோர் அணியும் காற்சட்டைக்கு உலகெங்கும் வழங்கும் பெயர் ஜோத்பூர். அது இராசத்தானத்து நகரின் பெயர். விக்டோரியா அரசியின் வைரவிழாவான 1897ஆம் ஆண்டில் சர் பிரதாப் சிங் தம் போலோ குழுவினரோடு இங்கிலாந்து சென்றபோது, அவர்கள் அணிந்திருந்த காற்சட்டை அந்நாட்டாரைக் கவர்ந்தது. தொடையில் அகன்று முழங்காலுக்குக் கீழே இறுகிய உடை அது. வெயில் கொளுத்தும் மறவர் நாட்டில் பிறந்தமையால் அதில் காற்றுக்கும் இடமிருந்தது. கால் மடங்கவும் இடமிருந்தது. சேணத்தில் உரசும் பகுதியில் சுருக்கமும் இல்லை. 1958ஆம் ஆண்டில் நீள்தன்மையுடைய செயற்கை இழை கண்டுபிடிக்கப்பட்ட பின்னர் அந்த அகலம் தேவையற்றுப் போயிற்று. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இன்று கற்கத் தொடங்கும் மாணவிக்கு அந்தப் பெயருடைய உடைதான் வேண்டுமென்பதில்லை. உள்தொடையில் தடித்த தையல் இல்லாத, நீண்ட, நீளக்கூடிய எந்தக் காற்சட்டையும் போதும். வியர்வையில் நனைந்த தோலில் தடித்த தையல் அரைமணி நேரம் உரசினால், மறுநாள் வகுப்பில் அவள் உட்காரவும் இயலாது.

காலணியில் மட்டும் விட்டுக்கொடுத்தல் ஆகாது. அங்கவடியில் வைத்த கால், முன்னே நழுவி முழுதும் உள்ளே சென்றுவிட்டால், விழுந்தவனைக் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். விழுவதைவிடக் கொடியது அது. அதைத் தடுப்பது சப்பாத்தின் சிறிய குதி. ஓர் அங்குலத்துக்கும் குறைவான அந்த உயரத்தில் ஓர் உயிர் தங்கியிருக்கிறது. அடி வழவழப்பாகவும், கணுக்கால் மூடியதாகவும் இருத்தல் வேண்டும். ஓட்டப் பயிற்சிக்குரிய சப்பாத்துக்குக் குதியில்லை, அடியும் கரடுமுரடானது. அது இங்கு உதவாது.

குதிரைமேல் ஏறாதவரின் கால் இன்னும் மறக்கப்பட்ட ஒன்று. பந்தயத் திடல்களில் குதிரையைக் குளிப்பாட்டி, தீனியிட்டு, நடத்திச் சென்ற சைஸ்மாருள் தமிழர் பலர் இருந்தனர். சைஸ் என்பது அரபு மொழியில் தோன்றி இந்துஸ்தானி வழியே மலாயாவுக்கு வந்து, பின்னர் மோட்டார் ஓட்டுநரையும் குறித்த சொல். ஏறுபவனுக்குப் பளபளக்கும் சப்பாத்து வாய்த்த காலத்தில், நடத்துபவனுக்குச் செருப்போ வெறுங்காலோதான் வாய்த்தது. பந்தயக் குதிரையின் எடை ஏறக்குறைய 450 முதல் 500 கிலோ. நின்றுகொண்டிருக்கும்போதே ஒவ்வொரு குளம்பும் சராசரியாக நூறு கிலோவுக்கு மேல் தாங்குகிறது. அந்தக் குளம்பு இலாடத்தோடு விரல்மேல் இறங்கினால் செருப்பு என்ன செய்யும்? வெயிலுக்கு ஏற்ற உடையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் சேணத்தின்மேல் இருப்பவரையே நினைக்கின்றனர். கீழே கயிற்றைப் பிடித்திருப்பவருக்கும் உறுதியான மூடிய சப்பாத்து வேண்டும்; முரண்டு பிடிக்கும் குதிரைக்கு அருகே தலைக்கவசமும் வேண்டும்.

இனி, தலைக்கவசம். குதிரைமேல் அமர்ந்தவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மீட்டர் உயரத்தில் உள்ளது. 2008ஆம் ஆண்டு ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள், ஆகஸ்டு மாதப் புழுக்கத்தில் ஹாங்காங்கில் நடைபெற்றன. அதில் பங்கேற்ற அமெரிக்கப் பெண்மணி கோர்ட்னி கிங் டை, 2010ஆம் ஆண்டு மார்ச்சில் புளோரிடாவில் பயிற்சியின்போது விழுந்தார். குதிரை வெருளவில்லை, தன் கால் தானே இடறி விழுந்தது. அவர் தலையில் கவசம் இல்லை. மண்டை உடைந்து பல வாரம் நினைவின்றிக் கிடந்தார். பின்னர் நடக்கவும் பேசவும் மீண்டும் கற்க நேர்ந்தது. குதிரை நடனத்தில் உயர்ந்த பட்டுத்தொப்பி அணிவது அதுவரை பெருமையாகக் கருதப்பட்டது. 2021ஆம் ஆண்டு முதல் பன்னாட்டுக் கூட்டமைப்பு அங்கும் கவசத்தைக் கட்டாயமாக்கியது. அவ்வாண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் வெப்பத்துக்கு அஞ்சி நடனப் போட்டியையும் தாண்டல் போட்டியையும் மாலைக்கும் இரவுக்கும் மாற்றினர். மிகு வெப்பத்தில் மேலங்கியைக் கழற்ற நடுவர் இசைவளிப்பதும் உண்டு. கவசத்தைக் கழற்ற இசைவளிக்கும் விதி இல்லை.

கவசத்தின் உள்ளே இருப்பது வெண்ணிற நுரை அட்டை. காற்றறைகள் நிறைந்த நெட்டியின் தன்மை அதற்கும் உண்டு. ஆனால், அடி விழும்போது தான் நசுங்கி அதிர்ச்சியை ஏற்கும் ஆற்றல் உடையது. ஒருமுறை நசுங்கியது மீளாது. மேலோடு சிறிதும் கீறாமல் இருந்தாலும், பலத்த வீழ்ச்சிக்குப் பின் அதை எறிந்துவிடல் வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் அதை விட்டுவைத்தலும் தவறு. அந்தச் சூட்டில் நுரை கெட்டுவிடும். காற்றுப் போகும் துளைகளும், கழற்றித் துவைக்கத்தக்க உள்துணியும் உடைய கவசம் இந்நாட்டுக்கு ஏற்றது. உள்ளே தர முத்திரை உண்டா என்று பார்த்தல் வேண்டும். மிதிவண்டிக் கவசம் இதற்குப் பயன்படாது. தாடைவாரை இறுக மாட்டாத கவசம், தலைக்கு முன்னே தரையில் விழும்.

தமிழ் மாணவியருக்கு இங்குத் தனியே ஒரு சொல் தேவைப்படுகிறது. உச்சியில் இட்ட கொண்டை கவசத்தை முன்னே தள்ளிவிடும். கவசத்துக்குள் கொண்டை ஊசியும் கிளிப்பும் இருந்தால், விழும்போது அவையே தலைக்குப் பகையாகும். கூந்தலைப் பிடரிக்குக் கீழே தாழப் பின்னி, நூற்பட்டையால் முடிந்துகொள்வது நன்று. பூச்சரம் அன்று வீட்டிலேயே இருக்கட்டும். தொங்கட்டானும் வளையலும் மோதிரமும் அவ்வாறே. கடிவாள வாரில் மோதிரம் மாட்டி விரல் தோலுரிந்த செய்திகள் கேட்கத் தக்கவை அல்ல. வியர்த்த கையில் வார் வழுக்கும். ஆதலால் வெப்ப நாட்டில்தான் மெல்லிய கையுறை மிகவும் தேவை.

வேகமாக ஓட்டுவோரும் தடை தாண்டுவோரும் மார்பையும் முதுகையும் காக்கும் மெய்க்காப்பு அணிவர். அது புழுக்கமானது, அதை மறுப்பதற்கில்லை. ஏறுமுன் அணிந்து, இறங்கியதும் கழற்றி, நிழலில் நின்று நீர் பருகுவதே அதற்கு மாற்று.

இவற்றையெல்லாம் வாங்கப் பணம் வேண்டுமே என்று கேட்கலாம். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துக்கு அது நியாயமான கேள்வி. பாட்டனார் சைஸாக இருந்த வீட்டில் பேத்தி குதிரையேற விரும்பினால், சட்டை அண்ணனுடையதாக இருக்கலாம். காற்சட்டை பள்ளி விளையாட்டுக்கு வாங்கியதாக இருக்கலாம். கையுறையைத் தோழியிடம் இரவல் பெறலாம். குதியுள்ள பழைய சப்பாத்தையும் தைத்து அணியலாம். தலைக்கவசம் மட்டும் புதிதாக இருக்க வேண்டும். முன்பு அணிந்தவர் எத்தனை முறை விழுந்தார் என்பதைப் பழைய கவசம் சொல்லாது.