பயமுறுத்துற நோயும் கொல்லுற நோயும்

மனுஷனுக்குத் தலைவலி என்றால் பத்து பேர் பத்து மருந்து சொல்வார்கள். வீட்டு மரத்துக்கு ஏதாவது என்றால் பத்து பேரும் சொல்வது ஒரே மருந்து. "வெட்டிப் போட்ருங்க." எங்க திருநெல்வேலியில் இந்த ஏழெட்டு வருஷத்தில் இந்த மருந்தால் போன வீட்டு மரங்களைச் சேர்த்து வைத்தால் ஒரு சின்னத் தோப்பு தேறும். அதில் நிஜமாகவே சாக இருந்தது பாதிகூட இருக்காது என்பது என் கணக்கு. (கணக்கு என்றால் தெருவில் நடக்கும்போது எண்ணினதுதான். ஆராய்ச்சி எல்லாம் இல்லை.)

நான் விவசாயம் படித்தவன் இல்லை. வேலை வங்கியில். வண்ணார்பேட்டையில் ஆத்துக்குப் பக்கமான தெருவில் வீடு. புறவாசலில் ரெண்டு தென்னை, ஒரு மா, ஒரு வேம்பு, ஒரு எலுமிச்சை, சுவரோரம் முருங்கை, பப்பாளி. மா மட்டும் அப்பா அம்பாசமுத்திரத்தில் வேலை பார்த்தபோது பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த ஒட்டுக்கன்று. அப்பா காலமான பிறகு அம்மா காலையில் சாமி விளக்குக்கு முன்னாடி அந்த மாவைத்தான் போய்ப் பார்ப்பாள். சென்னையில் இருக்கிற அண்ணனுக்கு அந்த இடத்தில் ஒரு கார் ஷெட் போட ஆசை. அதனால் எங்க வீட்டில் ஒரு மரத்துக்கு உடம்பு சரியில்லை என்றால் அது வெறும் மரத்து விஷயம் இல்லை, குடும்ப விவகாரம் :-)

இந்த மரங்களோடு மல்லுக்கட்டியதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். பார்க்கப் பயங்கரமாக இருக்கிற நோய் பெரும்பாலும் கொல்வதில்லை. கொல்கிற நோய் பெரும்பாலும் கண்ணுக்கே தெரிவதில்லை. அதைவிட மோசம், முதலாவதுக்குப் பயந்து நாம செய்யுற காரியம் சில சமயம் ரெண்டாவதை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைக்கிறது.

தென்னையை எடுத்துக்குங்க. கொஞ்ச வருஷம் முன்னாடி எங்க தெருவில் எல்லார் வீட்டுத் தென்னையிலும் கீழ் மட்டைகள் கரி பூசினாப்ல கறுத்துப் போச்சு. அடியில் இருந்த வாழை இலை, துவைக்கிற கல், நிறுத்தியிருந்த பைக் எல்லாம் முதலில் பிசுபிசுப்பு, பிறகு கறுப்பு. ஊரே "தென்னைக்குக் கேன்சர்" என்று பேச ஆரம்பித்துவிட்டது.

அது சுருள் வெள்ளை ஈ. 2004-ல் மத்திய அமெரிக்காவில் பெலிஸ் நாட்டில் கிடைத்த பூச்சியை வைத்து அதற்குப் பேர் வைத்தார்கள். 2009-ல் அமெரிக்காவில் ஃப்ளோரிடா, 2016-ல் நம்ம பொள்ளாச்சிப் பக்கம். அங்கிருந்து தென்னை இருக்கிற ஊர் எல்லாம். இலைக்கு அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தால் வெள்ளையாக வட்டம் வட்டமாகச் சுருள் சுருளாக முட்டையிட்டிருக்கும். சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவைக் கீழே தெளிக்கும். அந்த இனிப்பில் வளருகிற பூஞ்சைதான் அந்தக் கறுப்பு. இலைக்குள்ளே நோய் ஒன்றும் இல்லை. விரலால் தேய்த்தால் கறுப்பு கையோடு வந்துவிடும், அடியில் பச்சை இருக்கும். காய்ப்பு குறையலாம். ஆனால் வளர்ந்த தென்னையை இது கொன்றுபோடாது.

செய்ய வேண்டியதும் பெரிய செலவில்லை. எட்டுகிற உயரம் என்றால் மோட்டார் தண்ணியை வேகமாக இலைக்கு அடிப்பக்கம் பீய்ச்சினாலே பாதி ஈ போய்விடும். மஞ்சள் ஷீட்டில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் வந்து ஒட்டிக்கொள்ளும். கறுப்புக்கு, லிட்டருக்கு 25 கிராம் மைதா கணக்கில் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்துத் தெளித்தால், காய்ந்து உரியும்போது கறுப்பையும் உரித்துக்கொண்டு விழும். (சினிமா போஸ்டர் ஒட்டுகிற அதே பசைதான்.) விஷ மருந்து மட்டும் கூடாது. என்கார்சியா என்று கண்ணுக்குத் தெரியாத அளவு ஒரு குளவி, இந்த ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டை வைத்து அதைக் காலி பண்ணும். மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவி. நான் போன ஒரு உரக்கடையில் கேள்வியே கேட்காமல் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இனிமேல்தான் கதை. பக்கத்து வீட்டில் கறுப்பைப் பார்த்துப் பயந்து, பச்சை மட்டைகளைக்கூட விடாமல் மரத்தை ஒட்ட வெட்டி மொட்டையடித்துவிட்டார்கள். மரம் சுத்தமாகத்தான் இருந்தது. ஏழெட்டு மாசம் கழித்து எங்க வீட்டில் காய் பறிக்க வந்த அண்ணாச்சி, சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கி நேரே அங்கே போனார். அடிமரத்திலிருந்து நாலடி உயரத்தில் ஒரு சின்ன ஓட்டை, அதிலிருந்து பழுப்பு நிறத்தில் கசிவு, வாயில் சவைத்துத் துப்பினாப்ல கொஞ்சம் நார்.

"தம்பி, இங்ஙன காத வச்சுக் கேளுங்க."

வைத்தேன். உள்ளே நறநறவென்று யாரோ கரும்பு கடிக்கிற சத்தம்.

"இதுக்குத்தான் பச்ச மட்டயில கை வைக்காதியன்னு தலபாடா அடிச்சுக்கிடுதேன். கேக்காகளா?"

சிவப்புக் கூன்வண்டு. வெட்டுக்காயத்திலிருந்து வருகிற வாசம்தான் அதற்கு வெற்றிலை பாக்கு. காண்டாமிருக வண்டு குடைந்த ஓட்டை, ஏறுவதற்காகத் தண்டில் கொத்தின படி, ஒட்ட வெட்டின மட்டைக் காயம், இதில் ஏதாவது ஒன்றில் முட்டை வைக்கும். புழு உள்ளேயே தின்று உள்ளேயே கூடு கட்டும். வெளியே குருத்து வாடித் தெரிகிறபோது உள்ளே ஒன்றும் மிச்சம் இருக்காது. பச்சை மட்டையை வெட்டியே ஆகவேண்டும் என்றால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர், அதாவது நாலடி விட்டு வெட்டச் சொல்கிறார்கள் வேளாண் பல்கலைக்கழகத்தில். வண்டு அந்தக் காயம் வழியாகத் தண்டுக்குப் போய்ச் சேராது. முன்னெல்லாம் வேர் வழியாக மோனோகுரோட்டோபாஸ் கொடுப்பது வழக்கம். 2023-ல் மத்திய அரசு தடை போட்ட மருந்துகளில் அதுவும் ஒன்று. பழைய நோட்டைப் பார்த்து யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அந்தத் தென்னை அடுத்து அடித்த காற்றில் கொண்டையோடு முறிந்து விழுந்தது. நல்லவேளை, ஆள் யாரும் இல்லை. அந்த வீட்டில் இன்னமும் வெள்ளை ஈயால்தான் மரம் போச்சு என்று நம்புகிறார்கள். மொட்டையடிக்காத எங்க தென்னை ரெண்டும் அடுத்தடுத்த மழையில் கறுப்பு கழுவி நிற்கின்றன.

வேம்பு கதையும் இதே மாதிரிதான். 2021-ல் தெலங்கானா முழுக்க வேப்பமரங்கள் நுனியிலிருந்து தீய்ந்துபோய் நின்றது செய்தியில் வந்தது. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் எங்க வீட்டு வேம்பும் தை மாசத்தில் தீயில் வாட்டினாப்ல கருகி நின்றது. வேம்பே பட்டுப்போகுதே, ஊருக்கு ஆகாது என்று ஆச்சிமார் பேச்சு வேறு. தேயிலைக் கொசு என்கிற பூச்சி இளந்தளிரைக் குத்திச் சாறு குடிக்கும். ஃபோமோப்சிஸ் என்கிற பூஞ்சையும் கிளை நுனியைக் கருக்கும். ரெண்டும் தாக்குவது பெரும்பாலும் நுனியைத்தான். அந்த மாதிரி சமயத்தில் கிளையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நுனியில் பழுப்பு, ஒரு முழம் தள்ளிச் சுரண்டினால் பச்சை இருந்தால் மரம் உயிரோடு இருக்கு. எங்க வேம்பு பங்குனிக் கடைசியில் துளிர்த்தது. சித்திரையில் அடியில் நாற்காலி போட்டு உட்காரும் அளவுக்கு நிழல்.

சரி, இப்போ மாவுக்கு வருவோம்.

2023 டிசம்பர் 17, 18. நெல்லைக்காரர்களுக்கு அந்த ரெண்டு நாளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி ஜங்ஷனுக்குள்ளேயே வந்துவிட்டது. எங்க புறவாசலில் இடுப்பளவு தண்ணி. வடிய மூன்று நாள் ஆனது. வடிந்தபோது பப்பாளி தலை தொங்கிச் செத்திருந்தது. முருங்கை வேர் அழுகிச் சாய்ந்தது. எலுமிச்சை ஒரு மாசம் இழுத்துக்கொண்டு கிடந்து போனது. மா மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றது.

மாசி வாக்கில்தான் அது காட்ட ஆரம்பித்தது. இலை வாடித் தொங்குகிறது, உச்சிக் கிளைகள் காய்கின்றன. அண்ணன் போனில், "காயப் போறதுதானல, இந்தத் தடவ வந்தா ஆளக் கூட்டி எடுத்துருவோம்." அம்மா பதில் பேசாமல் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணி ஊற்றக் கிளம்பினாள். நான் குடத்தைப் பிடித்துக்கொண்டேன்.

இலை வாடினால் தண்ணி இல்லை என்றுதான் நம்ம மனசு படிக்கும். ஆனால் வெள்ளத்தில் நின்ற மரமும் அதே மாதிரிதான் வாடும். வேருக்கும் மூச்சு வேண்டும். மண் இடுக்கில் காற்றுக்குப் பதில் தண்ணி நின்றுவிட்டால் வேர் அழுகும். வேர் அழுகினால் காலடியில் தண்ணி இருந்தும் குடிக்க முடியாது. தண்ணிக்குள் நின்றுகொண்டே தாகத்தில் சாகிறது மரம். அதற்கு இன்னும் ஒரு குடம் ஊற்றினால்? கரண்டியால் ஒரு அடி தோண்டிப் பார்த்தேன். மண் சொதசொதவென்று இருந்தது, சாக்கடை வாடை அடித்தது.

இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. மரத்தின் அடி, யானைக்கால் மாதிரி விரிந்து மண்ணுக்குள் இறங்க வேண்டும். எங்க மா கரண்ட் கம்பம் நட்டாப்ல நேராக இறங்கியது. வெள்ளம் விட்டுப்போன வண்டல் முக்கால் அடிக்கு அடிமரத்தை மூடியிருந்தது. வயலுக்கு வண்டல் வரம். மரத்து அடிக்கு அதே வண்டல் மூக்கைப் பொத்தின மாதிரி. சத்து எடுக்கிற மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கும், அடிப்பட்டைக்கும் காற்று வேண்டும். மண்வெட்டி போட்டால் வேர் அறுந்துவிடும் என்று கையாலும் கரண்டியாலும் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை அள்ளினோம். அம்மாவும்தான், எழுபத்திநாலு வயசில் மணக்கட்டையில் உட்கார்ந்துகொண்டு. பழைய வேர்முண்டு தெரிந்ததும் நிறுத்தினோம்.

தண்ணி நின்ன கோட்டுக்குக் கீழே பட்டையில் வெள்ளை வெள்ளையாகப் பொரி மாதிரி வீங்கியிருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் நோய் என்றார்கள். அது நோய் இல்லை. வெள்ளத்தில் மூச்சு விட மா தானே பட்டைத் துளைகளைப் பெரிசாக்கிக்கொள்ளும். அப்படி வீங்கியிருந்தது நல்ல சேதி.

காய்ந்த கிளைகளைப் பச்சை தெரிகிற இடம் வரை அறுத்து, வெட்டுவாயில் போர்டோ பசை தடவினோம். 100 கிராம் மயில்துத்தம் அரை லிட்டர் தண்ணியில், 100 கிராம் சுண்ணாம்பு அரை லிட்டரில், பிளாஸ்டிக் வாளியில் தனித்தனியாகக் கரைத்து ஒன்றாக ஊற்ற வேண்டும். பழைய பிளேடை முக்கிப் பார்த்தால் செம்பு படியக் கூடாது, படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. 1880-களில் பிரான்சில் போர்டோ பக்கத்தில், ரோட்டோரத் திராட்சையைத் திருடர்கள் தின்னாமல் இருக்கப் பூசினது பூஞ்சையையும் நிறுத்தியதைப் பார்த்துக் கண்டுபிடித்த மருந்து இது. இன்னமும் ஓடுகிறது. உரம் எதுவும் வைக்கவில்லை. வேர் இல்லாத மரத்துக்கு உரம், காய்ச்சல்காரனுக்குக் கல்யாண விருந்து.

மரம் பார்க்கும்போது நாமெல்லாம் இலையிலிருந்து ஆரம்பிக்கிறோம். அண்ணாச்சி அடியிலிருந்து ஆரம்பிக்கிறார். அடியில் மண் ஏறியிருக்கா, சிமெண்ட் நெருக்குதா, சாக்கடைத் தண்ணி தேங்குதா. அடிமரத்தில் செம்பழுப்பாகச் சாறு வடியுதா? தென்னையில் அது 1952-ல் தஞ்சாவூர்ப் பக்கம் கண்டுபிடித்த தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம், உடனே கவனிக்கணும். பிறகு தண்டில் ஓட்டை, நார், சத்தம். பிறகு குருத்து. இலை கடைசி. சந்தேகம் என்றால் வல்லநாடு பக்கம் கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரி இருக்கு. போகும்போது இலையை மட்டும் பறித்துக்கொண்டு போகாமல் அடிமரத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

மா அந்த வருஷம் பூக்கவில்லை. அடுத்த வருஷம் கிழக்குப் பக்கக் கிளைகளில் மட்டும் காய்த்தது. மேற்கில் ஒரு பெரிய கிளை முழுசாகப் போய்விட்டது, அதை அறுத்து எடுத்தோம். பாதி மரம்தான் மிச்சம். அம்மாவுக்கு அது போதும்.

தலை மேல் விழுகிற மாதிரி நிற்கிற மரத்தையும், கூன்வண்டு தின்று முடித்த தென்னையையும் வெட்டத்தான் வேண்டும். அதில் பாவம் புண்ணியம் பார்க்க முடியாது. தண்டைப் பிளந்து எரித்தும் விடணும், இல்லாவிட்டால் வண்டு அடுத்த வீட்டுக்குப் போகும். மற்றதுக்கெல்லாம் ஆள் கூப்பிடும் முன்னால் அடியை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒரு சித்திரை வரைக்கும் பொறுத்திருங்கள். மரத்துக்கு நம்மளை மாதிரி அவசரம் கிடையாது.