போலீஸ் பேடக்ஸ்: துரோகிகளின் இடமா?

மெல்பர்ன் எண்டவர் ஹில்ஸ் பக்கம் போனால், பிள்ளைகளோட 'போலீஸ் பேடக்ஸ்' பூங்காவையும் பாருங்க. 1842-ல் ஹென்றி டேனா தலைமையில் உருவான பூர்வகுடி போலீஸ் படை இங்கேதான் தங்கியது. வுருன்ஜெரி, பூனுரங் ஆண்களுக்குச் சீருடை, குதிரை, துப்பாக்கி கிடைத்தன. கிப்ஸ்லாந்தின் குர்னாய் மக்கள் மீதும் அவர்களை ஏவினார்கள்.

நம்ம ஊர்ல உடனே 'எட்டப்பன்'னு முத்திரை குத்திடுவோம். ஆனால் குர்னாய்கள் இவர்களுக்கு ஏற்கெனவே பகைவர்கள், வேற்று நாட்டார். 'எல்லாரும் ஒரே கூட்டம்' என்பது வெள்ளையர் பார்வை. மெக்ஸிகோவில் 1519-ல் அஸ்டெக்குகளுக்கு எதிராக ஸ்பானியரோடு சேர்ந்த திலாஸ்கலா மக்களுக்கும் பழைய பகைதான் காரணம்.

வுருன்ஜெரி தலைவர் பில்லிபெல்லரியும் படையில் சேர்ந்தார். மற்ற பூர்வகுடிகளைப் பிடிக்க, கொல்ல அது பயன்படுவது தெரிந்ததும் விலகிட்டார். பிள்ளைகள் "இவங்க துரோகிங்களா?"ன்னு கேட்டால், சேர்ந்த காரணம், விலகிய காரணம் ரெண்டையும் சொல்லுங்க.