எழுத்து எழுத்தாக ஏறும் மலை

ஒரு மலைப் பாதைக்கு அரிச்சுவடியின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்றால், உபாத்தியாயர் ஒருவன் அதைப் பார்க்காமல் ஜப்பானிலிருந்து திரும்புவானா? 'இரோஹா ஸாகா' என்பது அதன் பெயர். நாம் 'அ, ஆ, இ' என்று தொடங்குவதைப் போல அவர்கள் அக்காலத்தில் 'இ, ரோ, ஹா' என்று தொடங்கினார்கள். 'ஸாகா' என்றால் ஏற்றம்.

அக்டோபர் மாதக் கடைசியில் ஒரு காலை, நானும் என் மனைவியும் நிக்கோ நகரத்தில் பஸ் ஏறினோம். இலைகள் சிவக்கும் காலமாதலால் ஜப்பானே திரண்டு அந்த மலைக்கு வந்துவிட்டது போலிருந்தது. மோட்டார் வண்டிகள் எறும்பு வரிசைபோல ஊர்ந்தன. அதுவும் நல்லதற்குத்தான். வேகமாகப் போயிருந்தால் வளைவுகளை எண்ணியிருக்க முடியாது.

மொத்தம் 48 வளைவுகள். ஏறுவதற்கு ஒரு பாதை, இறங்குவதற்கு வேறொன்று. 1965-ல் திறந்த ஏறு பாதையில் 20 வளைவுகள். பழைய இறங்கு பாதையில் 28. ஒவ்வொரு வளைவிலும் ஓர் எழுத்துப் பலகை நிற்கிறது. பழைய பௌத்தப் பாட்டு ஒன்றில் 47 எழுத்துக்களும் ஒன்றுகூடத் திரும்ப வராமல் அமைந்திருக்கின்றன. உலக வாழ்வு நிலையில்லாதது என்பதே அதன் பொருள். அந்த வரிசைதான் இந்த வரிசை. இன்றைய ஜப்பானியப் பள்ளிகளில் சொல்லித்தருவதோ 'அ, இ, உ, எ, ஒ' என்ற வரிசை. சம்ஸ்கிருத எழுத்துக்களைப் பயின்ற பௌத்த பிக்ஷுக்களின் வழியாக வந்தது அது. நம் வீட்டுச் சரக்கை அங்கே கண்டதில் எனக்குச் சற்றுப் பெருமைதான்!

மலையடிவாரத்து ஊருக்கு 'உமாகாயெஷி' என்று பெயர். குதிரை திரும்பும் இடம் என்று அர்த்தம். மேலே இருப்பது புனித பூமி. குதிரையும் மாடும் அதற்கு மேல் போகலாகாது.

"பாவம், குதிரை!" என்றாள் என் மனைவி.

"பெண்களும் போகக்கூடாதாம்" என்றேன், கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்து. "1872-ல்தான் அரசாங்கம் அந்தத் தடையை நீக்கியது."

அவள் பதில் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரங்கள் செம்பருத்தி நிறத்திலும் மஞ்சள் நிறத்திலும் நின்றன. கீழே நாங்கள் கடந்து வந்த சாலை, அவிழ்த்துப் போட்ட நாடாபோலக் கிடந்தது. இருபதாவது எழுத்தாகிய 'நே' வந்ததும் ஏற்றம் முடிந்தது.

உச்சியில் சூஸென்ஜி ஏரி, கடல் மட்டத்திற்கு 1,269 மீட்டர் உயரத்தில். அருகிலுள்ள நன்தாய் மலை என்றோ கக்கிய எரிமலைக் குழம்பு ஆற்றை மறித்ததால் உண்டான ஏரி அது. அதன் தண்ணீர்தான் 97 மீட்டர் ஆழத்திற்குக் கெகோன் அருவியாக விழுகிறது. அருவியின் அடிக்கு மின்சாரத் தூக்கியில் இறங்கிச் சென்று, நனைந்து, நடுங்கி வந்தோம். அதைப்பற்றி எழுதாதவர் இல்லை, நான் விட்டுவிடுகிறேன்.

திரும்பும் வழியில், இறங்கு பாதையின் பக்கத்தில் 'நியோனின்தோ' என்ற சிறு மண்டபம் உண்டு. 'பெண்கள் மண்டபம்' என்று பொருள். மேலே போகக்கூடாத ஸ்திரீகள் அங்கிருந்தபடியே மலையைக் கும்பிட்டுத் திரும்பினார்களாம்.

"போன வருஷம் உங்கள் பள்ளிக்கூடத்துப் பையன்களை ஏற்காட்டுக்கு அழைத்துக்கொண்டு போனீர்களே, பெண்களை ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள்?" என்று கேட்டாள் அவள்.

பொறுப்பு யார் ஏற்பது என்று அன்று ஆசிரியர் கூட்டத்தில் முதலில் கேட்டவன் நானே. மற்றவர்கள் தலையசைத்தார்கள். அதை அவளிடம் நான் சொல்லியிருந்ததுதான் தப்பு!

"அங்கே இருபது வளைவுதானே இருக்கும்?" என்றாள்.

"இருபதுதான்" என்றேன்.

அதன் பிறகு அவள் என் கையிலிருந்த எழுத்துத் தாளை வாங்கிக்கொண்டு, மிச்சமிருந்த பலகைகளை ஒவ்வொன்றாகத் தானே வாசித்துக்கொண்டு வந்தாள். கடைசிப் பலகையில் 'ன்' என்ற எழுத்து. பஸ் சமவெளிக்கு வந்திருந்தது. ஊர் திரும்பியதும் தலைமையாசிரியருக்கு எழுதவேண்டிய கடிதத்தின் முதல் வரியை நான் மனத்திற்குள் அமைக்கத் தொடங்கினேன்.