நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு

ஓடிக்கொண்டிருக்கும் டர்பைனுக்கு நீராவியை அடைத்துவிட்டால் அது உடனே நின்றுவிடாது. நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றிக்கொண்டிருந்த ரோட்டார் வேகம் குறைந்து குறைந்து மெல்ல ஓய்வுக்கு வரும். அந்த நேரத்தில் அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. பல டன் எடையுள்ள அந்த இரும்புத் தண்டு உள்ளுக்குள் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். மேல்பக்கம் ஒரு சூடு, கீழ்ப்பக்கம் ஒரு சூடு. அசையாமல் கிடந்தால் வளைந்துவிடும். அதனால் பாரிங் கியரைப் போட்டு மணிக்கணக்கில் அதை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருப்போம். பேரிங்குகளுக்கு எண்ணெய் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சூடு முழுவதும் இறங்கிய பிறகுதான் கையை எடுக்கலாம்.

நெய்வேலி முதலாம் அனல் மின் நிலையத்தில், எங்கள் வழக்கில் 'பழைய தெர்மலில்', நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த ஆபரேட்டர் சொன்னார்: "தம்பி, ஓடுற மிஷினை யார் வேணும்னாலும் பாத்துக்குவாங்க. நிக்கிற மிஷினைப் பாத்துக்கிறவன்தான் ஆபரேட்டர்." அதைத் தொழில் பாடமாகத்தான் எடுத்துக்கொண்டேன். அது வாழ்க்கைக்கும் சேர்த்துச் சொன்னது என்பதை எனக்குக் காட்டியது 2020-ஆம் ஆண்டு.

அந்த ஆண்டு உலகத்துக்கே பொல்லாத ஆண்டு. மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. நாடே வீட்டுக்குள் முடங்கியபோதும் நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓடியது, கொதிகலன்கள் எரிந்தன. முகக்கவசத்தோடு ஷிஃப்டுக்குப் போய் வந்தோம். ஊரெல்லாம் வீட்டுக்குள் இருந்ததால் வீட்டு விளக்கும் மின்விசிறியும் நிற்கவே கூடாது என்ற எண்ணம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. அதில் ஒரு பெருமையும் இருந்தது.

பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான் மே 7 அன்று இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து நடந்தது. அந்தத் துக்கம் ஆறுவதற்குள் ஜூலை 1 காலை, அதே நிலையத்தின் ஐந்தாம் யூனிட்டில் இன்னொரு விபத்து. ஆறு பேர் அன்றே போய்விட்டார்கள். தீக்காயங்களோடு சென்னைக்குக் கொண்டுபோனவர்களில் மேலும் சிலர் அடுத்தடுத்த நாட்களில் இறந்தார்கள். நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் சேர்ந்தே இறந்தார்கள். அந்த நேரத்தில் அந்தக் கொதிகலன் ஓட்டத்தில் இருக்கவில்லை என்று கேள்விப்பட்டபோது, எனக்கு மூத்தவர் சொன்ன சொல் நெஞ்சில் வந்து நின்றது. எங்கள் கரி அப்படிப்பட்டது. பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம்தான். ஆனாலும் வெளியில் குவித்து வைத்தால் தானாகவே புகையத் தொடங்கிவிடும். நின்றுவிட்டது என்று நாம் நினைக்கும் இடத்தில் அது கனன்றுகொண்டிருக்கும். அன்று இரவு ஷிஃப்டுக்குப் போகப் பயந்தேன். அதுவரை அப்படி ஒரு பயம் எனக்கு வந்ததில்லை. போனேன். எல்லோரும் வந்திருந்தார்கள். யாரும் அதிகம் பேசவில்லை.

அந்த ஆண்டு செப்டம்பரோடு பழைய தெர்மலுக்கும் நாள் குறித்தாகிவிட்டது. சோவியத் நாட்டின் ஒத்துழைப்போடு கட்டப்பட்டு, 1962-இல் முதல் யூனிட் ஓடத் தொடங்கிய நிலையம் அது. 50 மெகாவாட் யூனிட்டுகள் ஆறு, 100 மெகாவாட் யூனிட்டுகள் மூன்று, மொத்தம் 600 மெகாவாட். தமிழ்நாட்டின் எத்தனையோ கிராமங்களில் கிணற்று மோட்டார் ஓடியதிலும், பிள்ளைகள் பல்பு வெளிச்சத்தில் படித்ததிலும் அதற்கு ஒரு பங்கு உண்டு. என் அப்பா விருத்தாசலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, சுரங்கம் தோண்டத் தொடங்கிய காலத்தில் மண் வேலை பார்த்தவர். 1957-இல் நேரு வந்து தொடங்கிவைத்த சுரங்கத்தில் கரி கண்ணில் பட 1961 ஆகிவிட்டது. கரிக்குக் கீழே ஊற்று நீர் அழுத்திக்கொண்டே இருக்கும்; இரவும் பகலும் இறைத்தால்தான் வெட்ட முடியும். "கரி தெரிஞ்ச அன்னிக்கு, சாமி கண் திறந்த மாதிரி கும்பிட்டோம்டா" என்பார். அவர் கும்பிட்ட கரியை எரித்துத்தான் நான் சோறு தின்றேன்.

யூனிட்டுகள் முன்பே ஒவ்வொன்றாக விடைபெற்றிருந்தன. கடைசி நாட்களில் ஒரு யூனிட்டை நிறுத்தும் பொறுப்பு எங்கள் ஷிஃப்டுக்கு வந்தது. லோடைப் படிப்படியாகக் குறைத்தோம். கரி அரைக்கும் மில்களை ஒவ்வொன்றாக நிறுத்தினோம். அடுப்பு அணைந்தது. டர்பைன் நின்றதும், உடனிருந்த இளைஞர் கேட்டார்: "அண்ணே, இனிமே ஓடவே போறதில்லையே, பாரிங் போடணுமா?"

"போடணும்" என்றேன்.

போட்டோம். மறுபடி ஓடப்போவதில்லை என்று தெரிந்த இயந்திரத்தை முறைப்படி சுற்றிச் சூடு இறக்கினோம். ஐம்பத்தெட்டு ஆண்டுகள் உழைத்த நிலையத்துக்கு அந்த மரியாதையையாவது செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ரஷ்ய எழுத்துகள் பொறித்த தகடு ஒன்றைத் துணியால் துடைத்துவிட்டு வந்தேன். வெளியே வந்து அழுதேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

மாதம் திரும்புவதற்குள் என் முறை வந்தது. அக்டோபர் கடைசியில் ஓய்வு. நெய்வேலியில் ஒருவர் ஓய்வு பெறும் நாள் ஒரு கல்யாணம் போல நடக்கும். மாலை, சால்வை, கூட்டாளிகளின் பேச்சு, அப்புறம் காரில் ஏற்றி மேளதாளத்தோடு குவார்ட்டர்ஸ் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். தெருவே திரண்டு நிற்கும். தொற்றுக் காலத்தில் அதெல்லாம் இல்லை. அடையாள அட்டையை ஒப்படைத்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். யார்மீதும் வருத்தமில்லை, காலம் அப்படி. ஆனால் உடம்பு நின்றுவிட்டது, உள்ளே சூடு அப்படியே இருந்தது. இரவு ஷிஃப்ட் வாரம் என்றால் நடுநிசியில் எழுந்து உட்கார்ந்திருப்பேன். பெல்ட் சத்தமில்லாத இரவு எனக்குத் தூக்கத்தைத் தரவில்லை.

என்னை வளையாமல் காப்பாற்றியது ஒரு தொலைபேசிதான். புதிய அனல் மின் நிலையத்துக்கு மாறிப்போன அந்த இளைஞர் தொடக்கத்தில் தினமும் கூப்பிடுவார். 500 மெகாவாட் யூனிட்டுகள் இரண்டு கொண்ட நிலையம் அது. முதல் யூனிட் 2019 கடைசியிலும் இரண்டாவது 2021 தொடக்கத்திலும் ஓடத் தொடங்கின. "அண்ணே, மழையில கரி ஈரமாயி இறங்குற குழாய்ல ஒட்டிக்குது, பழைய தெர்மல்ல என்ன பண்ணுவீங்க?" என்பார். "அண்ணே, மில் சத்தம் மாறுது, கேளுங்க" என்று போனை இயந்திரத்தின் பக்கம் நீட்டுவார். எல்லாவற்றுக்கும் எனக்கு விடை தெரியாது. அங்கே எல்லாம் கணினித் திரையில் இருந்தது. ஆனாலும் கேட்டதற்குத் தெரிந்ததைச் சொன்னேன். தினம் வந்த அழைப்பு வாரம் ஒருமுறை ஆனது, பிறகு மாதம் ஒருமுறை. அழைப்புகள் குறையக் குறைய என் தூக்கமும் திரும்பியது. அவர் தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, என்னை மெதுவாகச் சுற்றிச் சுற்றிச் சூடு இறக்கினார்.

அடுத்தது வீடு. நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு நிலைமை உண்டு. ஊர் நம்முடையது, வீடு நம்முடையதில்லை. எந்த வட்டத்தில் எந்தத் தெருவில் எந்த மரம் எப்போது காய்க்கும் என்பதுவரை தெரியும். வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். எங்கள் தோட்டத்தில் ஒரு பலா இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயலில் பழைய மரங்கள் வேரோடு சாய்ந்த பிறகு என் மனைவி நட்டது. காலி செய்யச் சில மாத அவகாசம் கிடைத்தது. அந்த மாதங்களில் மனைவி ஒவ்வொரு செடியாகப் பேசி விடைபெற்றாள். அழுவாள் என்று நினைத்தேன். "வீடு நம்மளது இல்லன்னு தெரிஞ்சுதானேங்க இத்தனை வருஷம் வாசல்ல கோலம் போட்டேன்? இப்ப மட்டும் என்ன?" என்றாள். அடுத்துக் குடிவரப்போகும் பெண்ணை அழைத்து, பலாவுக்கு எந்தப் பக்கம் தண்ணீர் விட வேண்டும், எந்தப் பிஞ்சைக் கிள்ளிவிட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள்.

அந்த நாட்களில் வழக்கமாகக் கீரை கொண்டுவரும் ஆயா மூட்டை முடிச்சுகளைப் பார்த்துவிட்டு வாசல் படியில் உட்கார்ந்தார்.

"எப்பம்மா கெளம்புறீங்க?"

"பங்குனி உத்திரம் பாத்துட்டுப் போறோம் ஆயா. வேலுடையான்பட்டு முருகனைக் கும்பிட்டுட்டு."

"நல்லது. சொல்லிட்டுப் போறதுக்கு நாள் இருக்கே. நாங்க எங்க ஊரை விட்டு வரச்சே கொல்லையில முந்திரி பூத்திருந்துச்சு. காய்ச்சதைப் பாக்கவே இல்ல."

அவர் யாரையும் குறை சொல்லவில்லை. கீரைக் கட்டை வைத்துவிட்டுப் போனார். அவர் ஊர் இன்று சுரங்கத்துக்குள் இருக்கிறது. எனக்குக் கிடைத்த அந்தச் சில மாதங்களின் விலை எனக்குத் தெரிந்தது அப்போதுதான். நிறுத்துவதற்கு அவகாசம் கிடைப்பது ஒரு சலுகை. நிரந்தரத் தொழிலாளிக்கு ஓய்வு நாள் வேலையில் சேரும்போதே தெரியும். பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் காத்திருக்கும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அடுத்த ஒப்பந்தம் எப்படியிருக்கும் என்பதே தெரியாது. நிலம் கொடுத்தவருக்குக் கையெழுத்துப் போட்ட நாளும் தெரியும், பணம் வாங்கிய நாளும் தெரியும். மண் வெட்டும் இயந்திரம் வரும் நாள் மட்டும் தெரியாது.

2023 ஜூலையில் நெய்வேலிக்குப் பக்கத்து வளையமாதேவியில் நடந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, பச்சைப் பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. அந்த நிலங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டவை. ஆனால் நிலம் சும்மா கிடக்காமல் உழவர்கள் பயிர் வைத்திருந்தார்கள். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பத்திரத்தில் எல்லாம் எப்போதோ முடிந்திருந்தது, மனத்தில் முடியவில்லை. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு வலித்தது. கரியால் வாழ்ந்தவன் நான். அந்தக் கரிக்காக இன்னொருவர் நெல் சாய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஓடவே போகாத டர்பைனுக்கு நாங்கள் மணிக்கணக்கில் பொறுமை காட்டினோம். அறுவடைவரை பொறுமை மனிதருக்கும் பயிருக்கும் கிடைக்க வேண்டும்.

நெய்வேலிக்கும் ஒரு நாள் வரும். கரி வற்றாவிட்டாலும் வரும். 2070-க்குள் நிகரக் கரிம உமிழ்வைச் சுழியமாக்குவோம் என்று 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்திருக்கிறது. எங்கள் சுரங்கங்களில் ஓடும் பெரிய சக்கர மண்வெட்டி இயந்திரங்கள் எந்த நாட்டிலிருந்து முதலில் வந்தனவோ அந்த ஜெர்மனி, நெய்வேலியின் இரண்டாவது விபத்துக்கு இரண்டே நாள் கழித்து, 2020 ஜூலை 3 அன்று, நிலக்கரி மின்சாரத்தை அதிகம் போனால் 2038-க்குள் நிறுத்துவதற்குச் சட்டம் இயற்றியது. நிறுத்தும் தேதியை மட்டும் அது சொல்லவில்லை. கரியை நம்பி வாழும் வட்டாரங்களுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்க இன்னொரு சட்டத்தையும் சேர்த்தே செய்தது. அந்தத் தேதி போதாது என்று அங்கே ஒரு தரப்பும் அவசரம் என்று இன்னொரு தரப்பும் வாதாடுகின்றன. ஆனாலும் சூடு இறக்கக் காலமும் பணமும் வேண்டும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டார்கள். அதைத்தான் நான் என் ஊருக்கும் கேட்கிறேன்.

இப்போது வடலூரில் குடியிருக்கிறோம். காலை நடையில் சத்திய தருமசாலைப் பக்கம் போய்வருவேன். 1867-இல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு அங்கே இன்னும் அணையாமல் எரிகிறது. பசித்தவர் இருக்கும்வரை அந்த நெருப்பு வேண்டும். மின்சாரத்துக்கான நெருப்பு அப்படியில்லை. ஒரு தலைமுறை ஏற்றியதை இன்னொரு தலைமுறை இறக்கிவைக்கலாம், இறக்கிவைக்கத்தான் வேண்டும். நெய்வேலியிலேயே இன்று 130 மெகாவாட் சூரிய மின் நிலையம் வெயிலில் விரிந்து கிடக்கிறது. அது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆனால் கண்ணாடித் தகடுகளுக்கு நாலு ஷிஃப்ட் ஆட்கள் வேண்டாம். அந்த ஆட்களின் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு இப்போதே விடை தேட வேண்டும்.

என் நம்பிக்கைகளை நேராகச் சொல்லிவிடுகிறேன். கரி எடுத்து முடித்த குழிகளை மூடி மரம் வளர்த்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மண்ணில் மறுபடி உழவு நடக்க வேண்டும். சுரங்கத்து நீர் வாலாஜா ஏரி வழியாக வயலுக்குப் போவதுபோல, நிலம் கொடுத்த ஒவ்வொரு ஊருக்கும் நீர் போக வேண்டும். ஐ.டி.ஐ. முடித்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு, அவர் யூனிட் நிற்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அடுத்த தொழில் கற்றுத்தர வேண்டும். யூனிட் நிறுத்தும் அட்டவணை தயாராகும்போதே, அதில் வேலை பார்ப்பவர்களின் பெயர்களுக்கு எதிரே அடுத்து என்ன என்று எழுதப்பட வேண்டும். ஓர் இயந்திரத்தைக் கோணாமல் நிறுத்தத் தெரிந்த ஊர், மனிதர்களையும் கோணாமல் நிறுத்தக் கற்றுக்கொள்ளும் என்று உறுதியாக நம்புகிறேன். ஏனென்றால் அந்த வேலை தெரிந்தவர்கள் அங்கே இன்னும் ஷிஃப்டில் இருக்கிறார்கள்.